மிதித்தும் நிற்காத வண்டி: கல்லாகும் பிரேக் பெடலைச் சோதிக்கும் முறை

(கார் ஓட்டுநர்கள், ஒர்க்ஷாப் தொழிலாளர்கள், தொழிற்பயிற்சி மாணவர்கள் கூடியிருந்த அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பிரேக் சரியில்லை என்று வரும் வண்டிகளின் புகார் பல விதமாக இருக்கும். "பெடல் உள்ளே போகுது" என்பார் ஒருவர். "ரெண்டு தடவை அடிச்சாத்தான் பிடிக்குது" என்பார் இன்னொருவர். "ஒரு பக்கமா இழுக்குது" என்று ஒருவர் வருவார். "பெடல் கல்லு மாதிரி இருக்கு, மிதிச்சா இறங்க மாட்டேங்குது" என்று வேறொருவர் சொல்வார். இந்தக் கடைசிப் புகாரைப் பற்றி மட்டுமே இன்று பேசப் போகிறேன்.

அதற்கு ஒரு காரணம் உண்டு. பெடல் உள்ளே போனால் ஓட்டுபவர் அன்றைக்கே பயந்து வண்டியைக் கொண்டுவந்துவிடுவார். பெடல் கொஞ்சம் கொஞ்சமாகக் கடினமானால் கால் அதற்குப் பழகிக்கொள்ளும். இந்த மாதம் சற்று அழுத்தி மிதிப்பார், அடுத்த மாதம் இன்னும் சற்று அழுத்துவார். தினமும் ஓட்டுபவருக்கு மாற்றமே தெரியாது. ஒரு நாள் தம்பியோ மனைவியோ அந்த வண்டியை எடுக்கும்போதுதான், "என்ன இது, பிரேக்கே பிடிக்கலையே!" என்ற பேச்சு வரும். "உனக்குப் பழக்கமில்லை" என்று அதைத் தட்டிக்கழிக்காதீர்கள். அவர் காலுக்குத் தெரிந்தது உங்கள் காலுக்கு மரத்துப்போயிருக்கிறது.

இதன் ஆபத்து எவ்வளவு என்பதற்கு ஓர் அளவு சொல்கிறேன். கார் பிரேக்குகளுக்கான ஐ.நா. 13-எச் விதிமுறைப்படி, 100 கி.மீ. வேகத்தில் போகும் கார், பெடலில் 500 நியூட்டனுக்கு மிகாத விசையில், 70 மீட்டருக்குள் நிற்க வேண்டும். 500 நியூட்டன் என்பது ஏறத்தாழ 50 கிலோ எடையைக் காலால் அழுத்துவதற்குச் சமம். பிரேக்கில் ஒரு பகுதி செயலிழந்த நிலைக்கு அதே விதிமுறை அனுமதிக்கும் தூரம் 168 மீட்டர். பூஸ்டரின் உதவி போய்விட்ட நிலையும் இதில் அடங்கும். விதிமுறை அனுமதிக்கும் இந்த இரண்டு அளவுகளுக்கும் நடுவே கிட்டத்தட்ட 100 மீட்டர் வித்தியாசம் இருக்கிறது. ஒரு கடைத்தெருவின் நீளம் அது. அதுவும் 50 கிலோ அழுத்தத்தை முழுமையாகக் கொடுக்கக்கூடிய காலுக்குத்தான் இந்தக் கணக்கு.

இனி, பெடல் ஏன் கடினமாகிறது என்று பார்ப்போம். நல்ல நிலையில் அது எப்படி மென்மையாக இருக்கிறது என்பதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும்.

பெடல் ஒரு நெம்புகோல். காலின் விசையை அது நான்கு, ஐந்து மடங்காக்கி உள்ளே தள்ளுகிறது. மாஸ்டர் சிலிண்டர் அந்த விசையைத் திரவ அழுத்தமாக மாற்றுகிறது. மூடிய திரவத்தில் ஓரிடத்தில் கொடுத்த அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும் என்பது பாஸ்கல் விதி. அதன்படி நான்கு சக்கரங்களுக்கும் அழுத்தம் போகிறது. அங்கே காலிப்பரும் வீல் சிலிண்டரும் பேடையும் ஷூவையும் தள்ள, உராய்வால் வண்டி நிற்கிறது. 1921-இல் அமெரிக்காவின் டியூசன்பர்க் கார் நான்கு சக்கரங்களுக்கும் ஹைட்ராலிக் பிரேக்குடன் வந்தது. அதற்கு அடிப்படையாக இருந்தவை மால்கம் லாக்ஹீடின் காப்புரிமைகள். அந்த அடிப்படை இன்றுவரை மாறவில்லை.

கார்கள் கனமாகி, வேகம் கூடி, டிஸ்க் பிரேக்கும் பரவியபோது காலின் விசை மட்டும் போதவில்லை. பெல்ஜியப் பொறியாளர் ஆல்பர்ட் தெவாண்டர் 1920-களில் வடிவமைத்த வேக்குவம் சர்வோ அதற்கு வழி காட்டியது. இன்று நாம் பூஸ்டர் என்று சொல்லும் அந்த வட்டமான கறுப்பு டப்பா அதன் வழிவந்ததுதான். அதற்குள்ளே ஒரு ரப்பர் டயாப்ரம் இரண்டு அறைகளைப் பிரிக்கிறது. கால் வைக்காதபோது இரண்டு அறைகளிலும் வேக்குவம் இருக்கும். மிதித்தவுடன் பின்னறைக்குள் வெளிக்காற்று நுழையும், முன்னறையில் வேக்குவம் அப்படியே இருக்கும். அந்த அழுத்த வேறுபாடு டயாப்ரத்தை முன்னே தள்ளும்.

இதைக் கணக்காகப் போட்டுப் பாருங்கள். 9 அங்குல விட்டமுள்ள டயாப்ரத்தின் பரப்பு சுமார் 410 சதுர சென்டிமீட்டர். வேக்குவம் 500 மி.மீ. பாதரசம் இருந்தால், ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் 0.68 கிலோ அளவுக்கு விசை விழும். மொத்தம் ஏறத்தாழ 280 கிலோ. உங்கள் காலுக்குப் பின்னால் நின்று தள்ளுவது இந்த 280 கிலோ. இது இல்லாமல் போகும் நாளில்தான் பெடல் கல்லாகிறது.

ஆனால் உதவி போனால் மட்டுமே பெடல் கடினமாகும் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. மூன்று இடங்களில் கோளாறு இருக்கலாம். முதலாவது, வேக்குவத்தின் உதவி வராமல் இருக்கலாம். இரண்டாவது, உதவி வந்தாலும் அழுத்தம் சக்கரம் வரை போகாமல், அல்லது போனது திரும்பாமல் இருக்கலாம். மூன்றாவது, அழுத்தம் சரியாகப் போய்ச் சேர்ந்தும் பேடும் டிஸ்க்கும் பற்றாமல் இருக்கலாம். அப்போது வண்டி நிற்காததால் ஓட்டுநர் மேலும் மேலும் அழுத்துவார், பெடல் கடினமாக இருக்கிறது என்றே சொல்வார். உதவி, அழுத்தம், உராய்வு: இந்த வரிசையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த வரிசையில் சோதித்தால் தேவையில்லாமல் ஒரு பாகத்தையும் கழற்ற வேண்டியிருக்காது.

முதல் சோதனைகளுக்கு ஸ்பானரே வேண்டாம், கால் போதும். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, நியூட்ரலில் வைத்து, ஹேண்ட் பிரேக்கைப் போட்டுக்கொள்ளுங்கள்.

என்ஜினை அணைத்துவிட்டுப் பெடலை ஐந்தாறு தடவை நன்றாக மிதியுங்கள். பூஸ்டரில் சேமிப்பில் இருந்த வேக்குவம் தீர்ந்து பெடல் இறுகிவிடும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், எந்தக் காரிலும் அப்படித்தான். இப்போது மிதித்த காலை எடுக்காமல் என்ஜினை ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் காலுக்குக் கீழே சற்று இறங்கினால் பூஸ்டருக்கு வேக்குவம் வருகிறது, பூஸ்டரும் வேலை செய்கிறது என்று பொருள். அசையாமல் நின்றால் கோளாறு முதல் இடத்தில், அதாவது உதவியில் இருக்கிறது.

அடுத்து, என்ஜினை இரண்டு நிமிடம் ஓடவிட்டு அணையுங்கள். நிதானமாக மூன்று முறை மிதியுங்கள். முதல் மிதியில் பெடல் ஆழமாகப் போக வேண்டும். இரண்டாவதில் சற்று மேலே நிற்க வேண்டும், மூன்றாவதில் இன்னும் மேலே. முதல் மிதியே கல்லாக இருந்தால் சேமிப்பு எங்கோ கசிந்துவிட்டது.

மூன்றாவதாக, என்ஜின் ஓடும்போதே பெடலை மிதித்துப் பிடித்துக்கொண்டு என்ஜினை அணையுங்கள். 30 விநாடி அப்படியே பிடியுங்கள். பெடலின் உயரம் மாறக் கூடாது. காலை மேலே தள்ளிக்கொண்டு வந்தால் செக் வால்விலோ பூஸ்டரிலோ காற்று நுழைகிறது.

இந்த மூன்று சோதனைகளுக்கும் ஐந்து நிமிடம்கூட ஆகாது. செலவும் கிடையாது. மூன்றிலும் பூஸ்டர் தேறிவிட்டால் பூஸ்டரைத் தொடாதீர்கள், அடுத்த இடத்துக்குப் போங்கள்.

தேறாவிட்டால் உடனே பூஸ்டரைக் கழற்றலாமா? கூடாது. வேக்குவம் பிறக்கும் இடத்திலிருந்து பூஸ்டர் வரை ஒரு பாதை இருக்கிறது. அதை முதலில் பார்க்க வேண்டும்.

பெட்ரோல் காரில் வேக்குவம் பொதுவாக இன்டேக் மேனிஃபோல்டிலிருந்து வருகிறது. டீசல் என்ஜினில் அந்த வேக்குவம் கிடைக்காததால் தனியாக ஒரு பம்ப் இருக்கும். சில வண்டிகளில் அது ஆல்டர்னேட்டரின் பின்னால் இருக்கும், சிலவற்றில் கேம்ஷாஃப்ட் அதை ஓட்டும். ஆல்டர்னேட்டரோடு சேர்ந்த பம்ப் என்றால் பெல்ட் தளர்ந்தாலே பிரேக்கின் உதவி குறையும். பம்புக்குப் போகும் ஆயில் குழாய் அடைத்தாலும் பம்ப் தேயும். பூஸ்டருக்குப் பக்கத்தில் ஹோஸைக் கழற்றி, டீ இணைப்பு போட்டு வேக்குவம் கேஜை மாட்டுங்கள். கடல் மட்டத்துக்கு அருகிலுள்ள ஊரில், சூடான பெட்ரோல் என்ஜின் ஐடிலிங்கில் 430 முதல் 530 மி.மீ. வரை காட்ட வேண்டும். நல்ல டீசல் பம்ப் அதற்குமேலும் காட்டும்.

கேஜில் அளவு சரியாக இருந்தால் ஆதாரத்தில் குறையில்லை. குறைவாக இருந்தால் ஹோஸை விரலால் தடவிப் பாருங்கள். வளைவுகளில் வெடிப்பு இருக்கும், கிளாம்ப் தளர்ந்திருக்கும். வெளியே பளபளவென்று புதிதாகத் தெரியும் ஹோஸும் ஏமாற்றக்கூடும். வேக்குவத்துக்கென்று செய்த ஹோஸுக்குப் பதில் கையில் கிடைத்த தண்ணீர் ஹோஸை வெட்டி மாட்டியிருப்பார்கள். என்ஜின் சூட்டில் இளகி, உறிஞ்சும்போது அதன் உட்சுவர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். என்ஜினை அணைத்துவிட்டுப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஓடும்போது பார்க்க வேண்டும்.

அடுத்தது செக் வால்வு. கைக்குள் அடங்கும் சிறிய பிளாஸ்டிக் துண்டு. பூஸ்டரிலிருந்து என்ஜினுக்குக் காற்றை விட வேண்டும், எதிர்த்திசையில் விடக் கூடாது. கழற்றி ஊதிப் பார்த்தாலே தெரிந்துவிடும். இரண்டு பக்கமும் விட்டால் சேமிப்பு நிற்காது. இரண்டு பக்கமும் அடைத்தால் உதவியே வராது. இந்தச் சிறு துண்டைச் சோதிக்காமல் பூஸ்டரையே மாற்றச் சொல்லும் வழக்கம் நம்மிடையே இருக்கிறது. வண்டிக்காரருக்கு அது எவ்வளவு பெரிய செலவு என்பதை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள்.

இவ்வளவும் சரியாக இருந்தால்தான் பூஸ்டரைச் சந்தேகிக்க வேண்டும். மிதிக்கும் கணத்தில் 'உஸ்' என்று சிறிது சத்தம் வருவது இயல்பு. மிதித்துப் பிடித்திருக்கும் வரை அந்தச் சத்தம் நிற்காமல் வந்தால் டயாப்ரமோ உள்வால்வோ கெட்டிருக்கிறது. மிதிக்கும்போதெல்லாம் என்ஜின் தள்ளாடினால் அதுவும் ஓர் அறிகுறி. ஹோஸைக் கழற்றி என்ஜின் பக்கத்தை அடைத்துவிட்டு ஓடவிடுங்கள். தள்ளாட்டம் நின்றால் கசிவு பூஸ்டரில் என்று உறுதியாகிவிடும்.

பூஸ்டர் ஏன் கெட்டது என்பதையும் கேட்க வேண்டும். மாஸ்டர் சிலிண்டரின் பின் சீல் கசிந்தால் பிரேக் ஆயில் வெளியே சொட்டாமல் பூஸ்டருக்குள் இறங்கி டயாப்ரத்தைக் கெடுக்கும். ஆயில் குறைந்துகொண்டே வருகிறது, ஆனால் நான்கு சக்கரத்திலும் ஈரமில்லை என்றால் அங்கே பாருங்கள். மாஸ்டர் சிலிண்டரின் நட்டுகளைக் கழற்றிச் சற்று முன்னே இழுத்தால் ஈரம் தெரியும். அந்த சீலைக் கவனிக்காமல் புது பூஸ்டர் போட்டால் அதற்கும் அதே கதிதான். பூஸ்டரைப் பிரித்துப் பார்க்கவும் வேண்டாம். உள்ளே வலுவான ஸ்பிரிங் அழுத்தத்தில் இருக்கிறது.

இனி இரண்டாவது இடமான அழுத்தத்துக்கு வருவோம். பூஸ்டர் தேறியும் பெடல் உயரமாக, இறுகி நிற்கிறது. வண்டி சில கிலோமீட்டர் ஓடியதும் பெடல் இன்னும் மேலே வந்து கடினமாகிறது, சக்கரங்கள் சுடுகின்றன. இப்படியென்றால் அழுத்தம் திரும்பவில்லை. வண்டியை ஜாக்கியில் தூக்கிச் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். இறுகியிருந்தால் பிளீடர் நிப்பிளைச் சற்றுத் திறவுங்கள். ஆயில் பீறிட்டு வந்து சக்கரம் விடுபட்டால், அழுத்தம் உள்ளே சிறைப்பட்டிருந்தது. நிப்பிளைத் திறந்தும் சக்கரம் சுற்றாவிட்டால் காலிப்பர் பிஸ்டனோ ஸ்லைடு பின்னோ துருப்பிடித்து இறுகியிருக்கிறது.

சிறைப்பட்ட அழுத்தம் எங்கே நிற்கிறது என்று அறிய, அடுத்த தடவை சக்கரம் இறுகும்போது மாஸ்டர் சிலிண்டரில் குழாய் இணைப்பைத் தளர்த்திப் பாருங்கள். அங்கே தளர்த்தியதும் சக்கரம் விடுபட்டால் குறை மாஸ்டர் சிலிண்டரிலோ அதைத் தள்ளும் புஷ்ராடிலோ இருக்கிறது. அங்கே தளர்த்தியும் விடுபடாமல், நிப்பிளில் மட்டும் விடுபட்டால் நடுவிலுள்ள ரப்பர் ஹோஸின் உட்புறம் வீங்கியிருக்கிறது. மாஸ்டர் சிலிண்டர் நட்டுகளைத் தளர்த்தி முன்னே நகர்த்தியவுடன் எல்லாச் சக்கரமும் விடுபட்டால் புஷ்ராடு நீளமாகிவிட்டது, பெடலில் இருக்க வேண்டிய தளர்வு இல்லை. பிரேக் லைட் சுவிட்சை மாற்றியவர் அதைக் கூடுதலாக உள்ளே தள்ளி வைத்திருந்தாலும் இதே விளைவு வரும்.

எல்லா இடத்திலும் ரப்பர் வீங்கியிருந்தால் ஆயிலைச் சந்தேகியுங்கள். டாட் 3, டாட் 4 என்று விற்கும் பிரேக் ஆயில் கிளைகால் வகைத் திரவம். அதற்கேற்ற ரப்பரில்தான் சீல்கள் செய்யப்பட்டிருக்கின்றன. பிரேக் ஆயில் கிண்ணத்தில் கொஞ்சம் என்ஜின் ஆயிலோ பவர் ஸ்டியரிங் ஆயிலோ விழுந்தாலும் அத்தனை சீலும் உப்பிவிடும். கிண்ணத்து மூடியின் ரப்பர் விரிந்து நெளிந்திருப்பது முதல் சாட்சி. அப்படியானால் ஆயிலை மட்டும் மாற்றிப் பயனில்லை. ஆயில் பட்ட ரப்பர் எல்லாவற்றையும் மாற்றி, குழாய்களையும் கழுவியாக வேண்டும்.

மூன்றாவது இடம் உராய்வு. கால் சோதனைகள் எல்லாம் தேறுகின்றன, சக்கரங்கள் தாராளமாகச் சுற்றுகின்றன, ஆனால் வண்டி நிற்கவில்லை. பேடைக் கழற்றிப் பாருங்கள். முகம் கண்ணாடிபோல் பளபளத்திருக்கலாம், கிரீஸோ ஆயிலோ பட்டிருக்கலாம், அல்லது அந்த வண்டிக்குப் பொருந்தாத கடினமான பேடாக இருக்கலாம். பேட் மாற்றிய மறுநாளிலிருந்து பெடல் கடினம் என்று யாராவது சொன்னால் இங்கிருந்தே தொடங்குங்கள்.

மலைப்பாதையில் ஓட்டும் நண்பர்கள் இந்த அவையில் பலர் இருக்கிறீர்கள். உங்களுக்காக இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். உதகை கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தமே 760 மி.மீட்டரிலிருந்து சுமார் 580-க்கு இறங்கிவிடுகிறது. கீழே 500 காட்டிய பெட்ரோல் என்ஜின் அங்கே 320 அளவுக்குத்தான் காட்டும். நாம் கணக்குப் போட்ட 280 கிலோ உதவி, 180 கிலோவுக்குக் குறைந்துவிடும். ஆகவே, மேலே பெடல் சற்றுக் கடினமாகத் தோன்றுவது இயற்கை. அங்கே கேஜில் 320 பார்த்துவிட்டு என்ஜின் கெட்டுவிட்டது என்று சொல்லக் கூடாது.

உதகையிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும் உயரம் சுமார் 1,900 மீட்டர். 1,500 கிலோ வண்டி அவ்வளவு உயரம் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், 90 லிட்டருக்கும் அதிகமான தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. அத்தனையையும் பிரேக் மட்டுமே தாங்கினால் பேட் காய்ந்து பற்றை இழக்கும். பெடல் இறுகித்தான் இருக்கும், வண்டி நிற்காது. கருகல் வாடை வந்தால் இதுதான் காரணம். வண்டியை ஓரங்கட்டி ஆறவிடுங்கள். தண்ணீர் ஊற்ற வேண்டாம்.

பெட்ரோல் மிச்சம் பிடிப்பதற்காக என்ஜினை அணைத்துவிட்டு இறங்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. அதை இன்றோடு விட்டுவிடுங்கள் என்று உங்களைக் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். என்ஜின் நின்றால் பூஸ்டரில் இரண்டு மூன்று மிதிக்கான சேமிப்புதான் இருக்கும். மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் பெடல் கல்லாகிவிடும். குறைந்த கியரில், ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு இறங்கினால், என்ஜினே வண்டியைப் பிடிக்கும். அதே நேரத்தில் பெட்ரோல் என்ஜினில் வேக்குவமும் மிக அதிகமாகக் கிடைக்கும். இரண்டு பாதுகாப்பும் ஒன்றாக வருகின்றன.

ஓடும்போது திடீரென்று பெடல் கல்லானால் என்ன செய்வது? பெடல் உள்ளே போனால் அடித்து அடித்துப் பிடிக்க வேண்டும் என்று நமக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். அது சரிதான். ஆனால் பெடல் கடினமானால் அடிக்கவே கூடாது. ஒவ்வொரு அடியும் மிச்சமிருக்கும் வேக்குவத்தைத் தின்றுவிடும். ஒரே மிதியாக, தேவைப்பட்டால் இரண்டு கால்களாலும், முழுப் பலத்துடன் மிதித்துப் பிடியுங்கள். கியரைக் குறையுங்கள். ஹேண்ட் பிரேக்கைப் படிப்படியாக இழுங்கள். சாவியை அணைத்துவிடாதீர்கள். ஹைட்ராலிக் பாதை அறுந்துவிடவில்லை. பலமாக மிதித்தால் வண்டி நிற்கும்.

ஒரு சிறு விளக்கமும் தேவைப்படுகிறது. பட்டன் ஸ்டார்ட் கார்களில், நிறுத்தி வைத்த வண்டியின் பெடலை யாராவது பலமுறை மிதித்திருந்தால் அது இறுகிவிடும். அப்போது மெல்ல மிதித்தால் பிரேக் சுவிட்ச் இயங்காமல் வண்டி ஸ்டார்ட் ஆகாது. பலமாக மிதித்துப் பட்டனை அழுத்துங்கள். ஸ்டார்ட் ஆனதும் பெடல் இறங்கிவிட்டால் கோளாறு ஒன்றுமில்லை. மின்சாரக் கார்களில் மின்சார வேக்குவம் பம்போ மின்பூஸ்டரோ இருக்கும். அவற்றுக்கு ஸ்கேனர் வேண்டும், எச்சரிக்கை விளக்கையும் பார்க்க வேண்டும். ஆனால் உதவி, அழுத்தம், உராய்வு என்ற வரிசை அங்கும் மாறாது.

மாணவர்களே, உங்களிடம் ஒன்று சொல்லி முடிக்கிறேன். பேடை மாற்றிப் பார், சரியாகவில்லையா, மாஸ்டர் சிலிண்டரை மாற்று, அதிலும் சரியாகவில்லையா, பூஸ்டரை மாற்று என்று போவது வேலையல்ல. கடைசியில் கோளாறு ஒரு முழ ஹோஸில் இருந்திருக்கும். அதற்குள் வண்டிக்காரரின் ஒரு மாதச் சம்பளம் போயிருக்கும். அதைவிட மோசமானது, நடுவில் ஒவ்வொரு முறையும் சரியாகிவிட்டது என்று நம்பி அவர் குடும்பத்தோடு அந்த வண்டியில் போயிருப்பார். எந்தப் பாகத்தைக் கழற்றும் முன்னும், ஏன் கழற்றுகிறேன் என்று ஒரு சோதனையின் முடிவைக் காட்டிச் சொல்ல உங்களால் முடிய வேண்டும். வேலை முடிந்ததும் அதே சோதனையை வண்டிக்காரரையே செய்யச் சொல்லுங்கள். பெடல் இறங்குவதை அவர் காலே அறியட்டும்.

ஓட்டுநர் நண்பர்களே, மாதம் ஒரு முறை, காலையில் வண்டியை எடுக்கும் முன், முதல் கால் சோதனையைச் செய்யுங்கள். வீட்டில் வண்டி ஓட்டும் எல்லோருக்கும் அதைக் கற்றுக்கொடுங்கள். பெடல் இறங்கவில்லை என்றால் அன்றைய பயணத்தைத் தள்ளிவைத்துவிட்டு ஒர்க்ஷாப்புக்குப் போங்கள்.